ஊரே பார்க்கும் வெள்ளைக் கோட்டை... யாரும் பார்க்க வேண்டாம் என்று கட்டிய ராஜா!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள் நம் பெரியவர்கள். ரெண்டில் ஒன்றைச் செய்து முடிப்பதற்குள்ளேயே மனுஷன் நொந்து நூலாகிவிடுவான். ஜெர்மனியில் ஒரு ராஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தேதி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் நின்றேபோனது. அதன்பிறகு அவர் வீடு கட்ட ஆரம்பித்தார். ஒன்று இல்லை, மூன்று. நாலாவதுக்கும் இடம் வாங்கிப் போட்டிருந்தார். அந்த வீடுகளே அவரிடமிருந்து கிரீடத்தைப் பறித்தன. 40 வயதில் உயிரும் போய்விட்டது.

அவர் பெயர் இரண்டாம் லுட்விக். பவேரியாவின் மன்னர். பெயர் தெரியாவிட்டாலும் அவர் கட்டிய ஒரு வீட்டை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். காலண்டரில், ஜிக்சா பஸிலில், யாராவது ஒருவரின் வாட்ஸ்அப் டிபி-யில். காட்டுக்கு நடுவே பாறை உச்சியில், கூரான கோபுரங்களோடு நிற்கும் வெள்ளைக் கோட்டை. நொய்ஷ்வான்ஸ்டைன். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் இருக்கும் இளவரசிக் கோட்டைக்குத் தூண்டுதலாக இருந்ததும் இதுதான்.

இந்தக் கோட்டை இருப்பது பெரிய நகரத்தில் இல்லை. பவேரியாவின் தெற்கு ஓரத்தில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, ஓஸ்ட்அல்கொய் என்று ஒரு கிராமப்புற மாவட்டம் இருக்கிறது. பச்சைப் புல்வெளி, மணி கட்டிய மாடுகள், பால், சீஸ், பின்னணியில் ஆல்ப்ஸ் மலை. அந்த மாவட்டத்துக்குள்ளேயே லுட்விக்கின் வாழ்க்கையைச் சொல்லும் மூன்று இடங்கள் இருக்கின்றன. அவர் வளர்ந்த கோட்டை ஒன்று. அவர் கட்டிய கோட்டை ஒன்று. கட்ட நினைத்துக் கட்டாமலே போன கோட்டை ஒன்று. இந்த மூன்றையும் பார்த்தால் மனுஷன் ஏன் அப்படிக் கட்டினார் என்பது புரிய ஆரம்பிக்கும்.

மஞ்சள் கோட்டைப் பையன்

1845 ஆகஸ்ட் 25-ம் தேதி மியூனிக்கின் நிம்ஃபென்பர்க் அரண்மனையில் பிறந்தான் லுட்விக். அன்றைக்குத் தாத்தாவுக்கும் பிறந்தநாள். தாத்தாதான் அப்போது மன்னர். அவர் பெயரும் லுட்விக். பேரனுக்கும் தன் பெயரையே வைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட, அதுவே நிலைத்துவிட்டது.

1848-ல் மக்கள் எதிர்ப்பில் தாத்தா முடிதுறந்தார். அப்பா மேக்ஸிமிலியன் மன்னரானார். ரெண்டரை வயதுப் பையன் பட்டத்து இளவரசன் ஆகிவிட்டான். அதே வருஷம் தம்பி ஓட்டோ பிறந்தான்.

மேக்ஸிமிலியன் இளவரசராக இருந்தபோதே, 1832-ல் ஷ்வாங்காவ் கிராமத்துக்குப் பக்கத்தில் ஓர் இடிந்த கோட்டையை வாங்கியிருந்தார். நாடக மேடைக்குக் காட்சிகள் வரைந்து பழகிய டொமினிகோ குவாலியோ என்ற ஓவியரிடம் வேலையைக் கொடுத்துப் புதுப்பித்தார். அதுதான் ஹோஹென்ஷ்வாங்காவ். மஞ்சள் நிறச் சுவர், நாலு மூலையிலும் கோபுரம், கீழே ஆல்ப்ஸே ஏரி. குடும்பம் கோடையைக் கழிக்க வரும் வீடு இது.

ஷ்வாங்காவ் என்ற பெயரிலேயே அன்னம் இருக்கிறது. கோட்டைக்குள்ளும் திரும்பின பக்கமெல்லாம் அன்னம்தான். சுவர் முழுக்கப் பழைய ஜெர்மானிய வீரக் கதைகள். அன்னம் இழுக்கும் படகில் வந்து இறங்கி, ஆபத்தில் இருக்கும் பெண்ணைக் காப்பாற்றி, தன் பெயரைக் கேட்டதும் விலகிப் போய்விடும் வீரன் லோஹென்க்ரின் கதையும் அதில் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்து வளர்கிற மாதிரி, இந்தப் பையன் அந்தச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தான்.

வேறு துணை அதிகம் இல்லை. அப்பா படிப்பு, ராஜாங்கம் என்று இருப்பவர். பிள்ளைகளோடு நெருங்கிப் பழகத் தெரியாதவர். பாடம், ஒழுங்கு, கண்டிப்பு என்று ஆசிரியர்களின் பிடியில்தான் பெரும்பாலான நேரம். அம்மா மேரிக்கு மலையேற்றம் என்றால் உயிர். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலைப்பாதைகளில் நடப்பார். எதிரே இருந்த பாறையில் ரெண்டு பழைய கோட்டைகளின் இடிபாடுகள் கிடந்தன. பையன் அங்கே ஏறிப் போய், சுற்றிலும் தெரியும் ஏரிகளையும் சிகரங்களையும் பார்ப்பான். பின்னாளில் வெள்ளைக் கோட்டை எழுந்தது சரியாக அந்த இடத்தில்தான்.

இன்றைக்கும் ஹோஹென்ஷ்வாங்காவுக்குள் போனால் லுட்விக்கின் படுக்கையறையைப் பார்க்கலாம். மேற்கூரை ஓர் இரவு வானம். நட்சத்திரங்களை மேல்தளத்திலிருந்து விளக்கேற்றி ஒளிரவைப்பார்களாம். ஜன்னல் பக்கம் தொலைநோக்கி. எதிர்ப் பாறையில் தன் கனவு எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று அதன் வழியாகத்தான் பார்ப்பார்.

18 வயதில் கிரீடம்

1861-ல், 15 வயதில், மியூனிக்கில் ஓர் ஓபரா பார்த்தான் லுட்விக். ரிச்சர்ட் வாக்னர் இசையமைத்த லோஹென்க்ரின். சுவரில் பார்த்த அதே அன்ன வீரன், இப்போது மேடையில், இசையோடு! பையன் கிறங்கிப்போனான். அன்றிலிருந்து வாக்னர் எழுதியதையெல்லாம் தேடித் தேடிப் படித்தான்.

1864 மார்ச் 10. அப்பா திடீரென இறந்துபோனார். 18 வயது லுட்விக் மன்னரானார். ஆறடியைத் தாண்டிய உயரம், அலையலையான கறுப்பு முடி, பார்ப்பவர்களைக் கட்டிப்போடும் கண்கள். ஊரே கொண்டாடியது. ஆனால், ராஜாங்க அனுபவம்? பூஜ்யம்.

பதவிக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, வாக்னரைத் தேடிப் பிடிக்கச் சொன்னது. அப்போது வாக்னருக்கு 50 வயது. கடன்காரர்களுக்குப் பயந்து வியன்னாவைவிட்டே ஓடி, ஊர் ஊராக ஒளிந்துகொண்டிருந்தார். ராஜாவின் ஆள் ஸ்டுட்கார்ட்டில் அவரைக் கண்டுபிடித்தார். மே 4-ம் தேதி மியூனிக்கில் சந்திப்பு. கடனை அடைத்தார் ராஜா, வீடு கொடுத்தார், மாதப்படி கொடுத்தார். அடுத்த வருஷம் ஜூனில், மேடையேற்றவே முடியாது என்று மற்றவர்கள் கைவிட்ட ட்ரிஸ்டன் உண்ட் இசோல்ட ஓபரா மியூனிக்கில் அரங்கேறியது. இன்றைக்கு உலகம் கொண்டாடும் வாக்னர், அந்த 18 வயதுப் பையன் இல்லையென்றால் என்ன ஆகியிருப்பார் என்று சொல்வது கஷ்டம்.

ஆனால், வாக்னர் சும்மா இருக்கவில்லை. செலவு எகிறியது. அரசியலிலும் மூக்கை நுழைத்தார். அமைச்சர்களும் ஊர் மக்களும் கொதித்தார்கள். 1865 டிசம்பரில் வாக்னரை மியூனிக்கைவிட்டு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. பண உதவியும் நட்பும் தொடர்ந்தன. ஆனால், தலைநகரத்தின் மீது ராஜாவுக்கு இருந்த ஒட்டுதல் அன்றைக்கே விட்டுப்போனது.

தோற்ற யுத்தம், நின்ற கல்யாணம்

1866-ல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டது. பவேரியா ஆஸ்திரியா பக்கம் நின்றது, தோற்றது. 3 கோடி குல்டன் இழப்பீடு கட்ட வேண்டும். அதோடு, இனி போர் என்று வந்தால் பவேரியப் படை பிரஷ்யாவின் தலைமையில் நிற்க வேண்டும். அதாவது, 20 வயது ராஜாவுக்குக் கிரீடம் இருக்கிறது, ஆனால் தன் படையைத் தானே நடத்தும் உரிமை இல்லை.

1867 ஜனவரியில் கல்யாணம் நிச்சயமானது. பெண், சோஃபி. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தின், அதாவது சிசியின் தங்கை. நாடே தயாரானது. ஆனால் மாப்பிள்ளை தேதியைத் தள்ளிக்கொண்டே போனார். அக்டோபரில் நிறுத்தியேவிட்டார். அவருக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு இருந்தது என்பதையும், ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கையுள்ள அவர் அதை நினைத்துத் தன்னையே வருத்திக்கொண்டார் என்பதையும் அவருடைய நாட்குறிப்புகளிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். யாரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியாத பாரம். அந்தக் காலத்தில், அந்த நாற்காலியில் இருந்தவருக்கு வேறு வழி ஏது? சோஃபி அடுத்த வருஷம் ஒரு பிரெஞ்சு இளவரசரை மணந்தார். 1897-ல் பாரிஸில் நடந்த ஒரு தீ விபத்தில் பலியானார்.

1870-ல் பிரான்ஸோடு போர். ஒப்பந்தப்படி பவேரியாவும் இறங்கியது, பிரஷ்யா வென்றது. எல்லா ஜெர்மானிய நாடுகளையும் இணைத்து, பிரஷ்ய மன்னரைப் பேரரசராக்க பிஸ்மார்க் திட்டம் போட்டார். அதற்கு இன்னொரு மன்னர் முன்மொழிய வேண்டுமே? கடிதத்தை பிஸ்மார்க்கே தயாரித்து, ஆள் வழியாக ஹோஹென்ஷ்வாங்காவுக்கு அனுப்பினார். அன்றைக்கு லுட்விக் பல்வலியில் படுத்திருந்தார். அந்த நிலையிலேயே, 1870 நவம்பர் 30-ம் தேதி கடிதத்தை எழுதிக் கொடுத்தார். அதற்குப் பின் பிஸ்மார்க்கின் ரகசிய நிதியிலிருந்து அவருக்குப் பணமும் வந்தது. வெர்சாய் அரண்மனையில் நடந்த பேரரசர் பிரகடன விழாவுக்கு அவர் போகவில்லை. தம்பி ஓட்டோதான் போனார்.

நிஜ உலகத்தில் ராஜாவாக இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. லுட்விக் தான் ராஜாவாக இருக்கக்கூடிய ஓர் உலகத்தைக் கல்லில் கட்டத் தொடங்கியிருந்தார்.

எதிர்ப் பாறையில் எழுந்த கனவு

1869 செப்டம்பர் 5-ம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முன்பே பழைய இடிபாடுகளை அகற்றி, பாறையை எட்டு மீட்டர் அளவுக்கு வெடிவைத்துக் குறைத்திருந்தார்கள்.

கோட்டையின் தோற்றத்தை முதலில் வரைந்தவர் கட்டட நிபுணர் இல்லை. கிறிஸ்டியன் யாங்க் என்ற நாடக மேடை ஓவியர். அப்பா காட்டிய வழிதான்! அவர் வரைந்ததை எடுவர்ட் ரீடல் என்ற கட்டடக் கலைஞர் நிற்கும்படியான கட்டடமாக மாற்றினார். பிறகு டோல்மன், ஹோஃப்மன் என்று ஆட்கள் மாறினார்கள். ராஜா மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு வரைபடமும் அவர் கைக்குப் போக வேண்டும், திருத்தம் வரும், மறுபடி வரைய வேண்டும்.

இடைக்காலக் கோட்டை மாதிரி தெரிகிறதே தவிர, கட்டியது முழுக்க 19-ம் நூற்றாண்டுத் தொழில்நுட்பத்தில். உள்ளே செங்கல், வெளியே வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல் போர்வை. கல்லைத் தூக்க நீராவி இயந்திரம். 1879, 1880 ஆகிய ரெண்டு வருஷத்தில் மட்டும் 465 டன் சால்ஸ்பர்க் பளிங்கு, 1,550 டன் மணற்கல், 4 லட்சம் செங்கல் இந்தப் பாறை மேல் ஏறின. எல்லா மாடிகளுக்கும் குழாய்த் தண்ணீர், தானாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் கழிப்பறை, வெந்காற்றால் சூடாகும் அறைகள், வேலையாளைக் கூப்பிட மின்மணி, சமையலறையிலிருந்து சாப்பாடு மேலே வர லிஃப்ட், தொலைபேசி! அன்றைக்கு ஐரோப்பாவின் பல அரண்மனைகளில் இதெல்லாம் கிடையாது.

படுக்கையறைக்குப் போனால் கழுத்து வலிக்கும். கட்டிலின் மேல் மரத்தாலேயே ஒரு தேவாலய கோபுரக் கூட்டத்தைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். 14 மரச்சிற்பிகள் நாலு வருஷத்துக்கு மேல் உழைத்த அறை இது. அடுத்து, வரவேற்பறைக்கும் படிப்பறைக்கும் நடுவே திடீரென ஒரு செயற்கைக் குகை. மேலே பாடகர் மண்டபம். ராஜாவின் காலத்தில் அங்கே ஒரு கச்சேரிகூட நடக்கவில்லை.

எல்லாவற்றையும்விட மனசைப் பிசைவது சிம்மாசன மண்டபம்தான். தேவாலயம் போன்ற அமைப்பு, தங்கமும் நீலமுமாகச் சுவர்கள், தரையில் 20 லட்சத்துக்கும் அதிகமான சின்னச் சின்னக் கற்கள். பளிங்குப் படிகள் மேலே ஏறுகின்றன. படிகளின் உச்சியில்... ஒன்றுமில்லை. சிம்மாசனம் செய்து முடிப்பதற்குள் ராஜா போய்விட்டார்.

திட்டமிட்டது 200-க்கும் மேற்பட்ட அறைகள். முடிந்தது சுமார் 15. மேல் முற்றத்தில் 90 மீட்டர் உயரத்துக்கு ஒரு பிரமாண்ட கோபுரம் வர வேண்டியது. அது எங்கே நின்றிருக்கும் என்பதற்கான கோடு மட்டும் தரைக்கற்களில் தெரியும். 1884-ல்தான் ராஜா மேல்மாளிகைக்குக் குடிவந்தார். 17 வருஷம் நடந்த கட்டுமானத்தில் அவர் அங்கே தங்கிய நாள்களைக் கூட்டினால் அரை வருஷம்கூடத் தேறாது.

ராத்திரி ராஜா

இதே சமயத்தில் ஓஸ்ட்அல்கொய்க்கு வெளியேயும் வேலை நடந்தது. எட்டால் அருகே லிண்டர்ஹோஃப் மாளிகை. அவர் கட்டியதில் முழுசாக முடிந்த ஒரே அரண்மனை இதுதான். தோட்டத்தில் ஒரு செயற்கைக் குகை, அதற்குள் ஏரி, கிளிஞ்சல் வடிவப் படகு. வண்ண வண்ணமாக ஒளியூட்ட 24 டைனமோக்கள்! ஊரெல்லாம் எண்ணெய் விளக்கு வைத்திருந்த 1870-களில் இது. சாப்பாட்டு அறையில், பரிமாறின மேசை கீழ்த்தளத்திலிருந்து அப்படியே மேலே ஏறிவரும். வேலைக்காரர் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம்.

1878-ல் கீம்ஸே ஏரித் தீவில் வெர்சாய் மாதிரியே ஓர் அரண்மனையைத் தொடங்கினார். ஹெர்ரென்கீம்ஸே. கண்ணாடி மண்டபமும் உண்டு. அங்கே அவர் தங்கியது 1885 செப்டம்பரில் சில நாள்கள், அவ்வளவுதான்.

மெல்ல மெல்லப் பகல் அவருக்கு இரவானது. பகலில் தூக்கம், ராத்திரியில் பனிச்சறுக்கு வண்டியில் மலைப்பாதையில் சவாரி. மியூனிக் அரங்கில் அவர் ஒருவருக்காக மட்டும் நாடகமும் ஓபராவும் போட்டார்கள். 1872 முதல் 1885 வரை அப்படி 209 காட்சிகள். கூட்டம் தன்னையே வேடிக்கை பார்ப்பது அவருக்குத் தாங்கவில்லை. தம்பி ஓட்டோவுக்கு 1870-களிலேயே மனநலம் முற்றிலும் கெட்டுவிட்டது. அது தனக்கும் வருமோ என்ற பயமும் உள்ளே அரித்தது.

ஆனால், மலைக் கிராமத்து ஜனங்களுக்கு அவர் வேறு ஆள். வழியில் பார்த்தால் நின்று பேசுவார், குடிசைக்குள் வருவார், பரிசு கொடுப்பார். கோட்டை வேலையில் தினமும் 200, சில சமயம் 300 பேருக்குக் கூலி. தொழிலாளர்களுக்கு ஒரு நல நிதிச் சங்கம் 1870-லேயே இருந்தது. ராஜாவும் அதற்குப் பணம் போட்டார். நோய்வாய்ப்பட்டால் படிப்பணம், வேலையில் செத்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

கட்டாத கோட்டை

ஃபூஸன் நகரத்துக்கு மேற்கே ஃப்ரோன்டன் கிராமம். அதற்கு மேலே, 1,200 மீட்டரைத் தாண்டிய உயரத்தில், ஃபால்கென்ஸ்டைன் என்ற இடிந்த கோட்டை நிற்கிறது. ஜெர்மனியிலேயே மிக உயரத்தில் இருக்கும் கோட்டை இடிபாடு இதுதான். நொய்ஷ்வான்ஸ்டைனே முடியாதபோது, லுட்விக் இதையும் வாங்கினார். இன்னும் உயரம், இன்னும் தனிமை. வரைபடங்கள் போட்டாயிற்று. மேலே போக சாலை, தண்ணீர்க் குழாய்கூட வந்துவிட்டன. கட்டடம் வரவில்லை. பணம் இல்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அவர் அரசாங்கக் கஜானாவை எடுத்துக் கட்டினார் என்று நினைப்பவர்கள் அதிகம். அது உண்மையில்லை. தனக்கு வரும் ராஜ மானியத்திலும், சொந்தப் பணத்திலும், கடனிலும்தான் கட்டினார். நொய்ஷ்வான்ஸ்டைனுக்குப் போட்ட மதிப்பீடு 32 லட்சம் மார்க். ஆனதோ 60 லட்சத்துக்கும் மேல். வீடு கட்டினவர்களுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்லை! மூன்று அரண்மனைகளும் சேர்ந்து அழுத்த, 1885 வாக்கில் கடன் 1.4 கோடி மார்க்கைத் தொட்டது. கடன்காரர்கள் ஜப்தி வரை பேச ஆரம்பித்தார்கள். ராஜா வேலையை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. வெளிநாட்டு அரச குடும்பங்களிடமெல்லாம் கடன் கேட்டு ஆள் அனுப்பினார். அமைச்சர்கள் கைவிரித்தபோது, அவர்களையே மாற்றிவிடப் போவதாக மிரட்டினார்.

அமைச்சர்கள் முந்திக்கொண்டார்கள்.

ஜூன் மாதத்தின் ஆறு நாள்கள்

1886 ஜூன் 8. பெர்ன்ஹார்ட் ஃபோன் குடன் என்ற புகழ்பெற்ற மனநல மருத்துவரும் இன்னும் மூன்று பேரும் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். மன்னருக்குக் குணப்படுத்த முடியாத மனநோய், ஆட்சி செய்ய முடியாது என்பது முடிவு. எதைவைத்து? வேலைக்காரர்களும் உதவியாளர்களும் சொன்ன வாக்குமூலங்களை வைத்து. இந்த அறிக்கைக்காக அவர்களில் ஒருவர்கூட ராஜாவைப் பரிசோதிக்கவில்லை.

ஜூன் 9 நள்ளிரவில் அதிகாரிகளும் டாக்டரும் ராஜாவைப் பிடிக்க ஹோஹென்ஷ்வாங்காவுக்கு வந்தார்கள். விஷயம் தெரிந்த ஒரு வண்டிக்காரர் ஓடிப்போய் ராஜாவை எச்சரித்துவிட்டார். நொய்ஷ்வான்ஸ்டைன் வாசலில் காவலர்கள் துப்பாக்கியோடு மறித்தார்கள். சுற்றுவட்டாரத் தீயணைப்புப் படையும் விவசாயிகளும் ராஜாவைக் காப்பாற்றத் திரண்டு வந்தார்கள். ராஜா மேல் பாசம் கொண்ட ஒரு சீமாட்டி குடையைச் சுழற்றிக்கொண்டு அதிகாரிகள் மேல் பாய்ந்தாராம். வந்தவர்களையே வாசல் கட்டடத்தில் சிறை வைத்தார் ராஜா. சில மணி நேரத்தில் விட்டும்விட்டார்.

அங்கேதான் அவர் கோட்டைவிட்டார். உடனே மியூனிக் போய் மக்கள் முன்னால் நில்லுங்கள் என்று நெருங்கியவர்கள் சொன்னார்கள். எல்லை பக்கம்தான், தப்பிவிடுங்கள் என்றும் சொன்னார்கள். ரெண்டையும் செய்யவில்லை. ஜூன் 10-ம் தேதி அவருடைய சித்தப்பா லூயிட்போல்ட் ஆட்சிப் பொறுப்பாளராக அறிவிக்கப்பட்டார். ஜூன் 12 அதிகாலை இரண்டாவது குழு வந்தது. கோபுரத்தின் சாவியைக் கேட்டுக்கொண்டிருந்த ராஜாவை, சாவி கிடைத்துவிட்டது என்று சொல்லி வரவழைத்துப் பிடித்தார்கள். தன்னைப் பரிசோதிக்காமலே எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று அவர் குடனிடம் கேட்டதாகப் பதிவாகியிருக்கிறது. வண்டியில் ஏற்றி, ஸ்டார்ன்பெர்க் ஏரிக்கரையில் இருக்கும் பெர்க் மாளிகைக்குக் கொண்டுபோனார்கள்.

ஜூன் 13, ஞாயிறு. மாலை ஆறரை மணி வாக்கில் ராஜாவும் டாக்டர் குடனும் ஏரிக்கரையில் நடக்கப் போனார்கள். காவலர் கூடப் போகவில்லை. இருவரும் திரும்பவில்லை. ராத்திரி, மழையில், கரையை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீரில் ரெண்டு உடல்களும் கிடைத்தன. ராஜாவின் கடிகாரம் 6.54-க்கு நின்றிருந்தது. தற்கொலையா, தப்பிக்கும் முயற்சியா, வேறு எதுவுமா? 140 வருஷமாகப் பேசுகிறார்கள். முடிவில்லை. அவர் இறந்த இடத்தில், தண்ணீருக்குள் ஒரு சிலுவை நிற்கிறது.

அவருக்கு உண்மையிலேயே மனநோய் இருந்ததா என்பதிலும் இன்றைய மருத்துவர்கள் ஒன்றுபடவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். ராஜாவை இறக்கிவிட்டு அடுத்த மன்னராக அறிவித்தது யாரைத் தெரியுமா? ஏற்கெனவே மனநலம் இழந்து பூட்டிய மாளிகையில் இருந்த தம்பி ஓட்டோவை. பெயருக்கு அவர் மன்னர், ஆட்சி சித்தப்பாவுக்கு. அமைச்சர்களுக்கு மனநோயாளி மன்னராக இருப்பது பிரச்னையாக இல்லை. தங்களை நீக்கக்கூடிய மன்னர்தான் பிரச்னை.

ஏழே வாரம்

1886 ஆகஸ்ட் 1. ராஜா இறந்து சரியாக ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. யாரும் உள்ளே வரக் கூடாது என்று கட்டிய வீட்டை டிக்கெட் போட்டுத் திறந்துவிட்டார்கள். கூட்டம் வந்தது. நொய்ஷ்வான்ஸ்டைன் என்ற பெயரே அப்போதுதான் ஒட்டிக்கொண்டது. அதுவரை அது புதிய ஹோஹென்ஷ்வாங்காவ் கோட்டை, அவ்வளவுதான். பாக்கியிருந்த பகுதிகளைச் சிக்கனமாக முடித்தார்கள். 1899-க்குள் கட்டுமானக் கடன் அடைந்துவிட்டது. எந்தக் கடனைக் காட்டி அவரைப் பைத்தியம் என்றார்களோ, அந்தக் கடன் 13 வருஷத்தில் தீர்ந்தது.

இவருக்கு எதிர்க்கோட்டையில் அம்மா மேரி இன்னும் இருந்தார். பிள்ளையின் வீட்டுக்கு டிக்கெட் எடுத்துக் கூட்டம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே மூன்று வருஷம் வாழ்ந்தார். 1889-ல் ஹோஹென்ஷ்வாங்காவிலேயே கண்மூடினார்.

கொரோனாவுக்கு முந்தைய வருஷங்களில் நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் பேர் வந்தார்கள். சீசனில் ஒரே நாளில் 6,000 பேர். விடுதி, உணவகம், குதிரை வண்டி, கடை என்று மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் கோட்டைதான் சோறு போடுகிறது. தொந்தரவும் உண்டு. யுனெஸ்கோ அங்கீகாரம் கேட்கலாமா என்று 2023-ல் ஷ்வாங்காவ் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோது, பாதிக்குச் சற்று மேல்தான் ஆதரவு. இன்னும் கூட்டம் வந்தால் ஊர் தாங்குமா என்ற பயம். 2025 ஜூலையில் லுட்விக்கின் அரண்மனைகள் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பிடித்தன.

போகிறவர்களுக்கு...

மியூனிக்கிலிருந்து ஃபூஸனுக்கு ரயிலில் சுமார் ரெண்டு மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷத்தில் ஹோஹென்ஷ்வாங்காவ். டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். டிக்கெட்டில் நேரம் போட்டிருக்கும். அதைத் தவறவிட்டால் போச்சு. அடிவாரத்திலிருந்து நொய்ஷ்வான்ஸ்டைன் வாசலுக்கு ஏற்றத்தில் 30 முதல் 40 நிமிஷ நடை. குதிரை வண்டி உண்டு, ஆனால் அதுவும் வாசல் வரை போகாது. உள்ளே வழிகாட்டியோடுதான் போக முடியும், அரை மணி நேரச் சுற்று, போட்டோ எடுக்கக் கூடாது. போட்டோவுக்கு மரியன்ப்ரூக்க பாலம் இருக்கிறது. பள்ளத்தாக்குக்கு மேலே தொங்கும் இந்தப் பாலத்துக்கு அம்மா மேரியின் பெயர்தான். பனிக்காலத்தில் பாலத்தை மூடிவிடுவார்கள்.

பெரும்பாலானவர்கள் வெள்ளைக் கோட்டையைப் பார்த்துவிட்டு, பாலத்தில் ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். நேரம் இருந்தால் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் மஞ்சள் கோட்டைக்குப் போங்கள். நட்சத்திர அறையையும் அன்ன வீரன் ஓவியங்களையும் பார்த்துவிட்டு, பிறகு வெள்ளைக் கோட்டைக்கு ஏறுங்கள். அங்கே இருப்பது ஒரு பையன் சின்ன வயதில் பார்த்த அதே படங்கள்தான் என்பது புரியும். ஏரிக்கரையில் பவேரிய மன்னர்கள் அருங்காட்சியகமும் இருக்கிறது. காலில் தெம்பும் கையில் இன்னொரு நாளும் இருந்தால், ஃபால்கென்ஸ்டைனுக்கும் ஏறிவிடுங்கள். அங்கே கூட்டம் இருக்காது. நாலு இடிந்த சுவர், காற்று, கண்ணுக்கெட்டிய தூரம் மலை. அவர் தேடிக்கொண்டிருந்த தனிமை, அவர் ஒரு கல்கூட வைக்காத அந்த இடத்தில்தான் இன்னும் மிச்சமிருக்கிறது.